கரையில் மட்டும் ஆடும் தரை

செலஸ்டினாவின் இரண்டு காதுகளையும் சாகடிக்க நாள் குறித்தாகிவிட்டது. பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. ஊசி மருந்து நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து குளிர்பெட்டியில் உட்கார்ந்திருந்தது.

சாகடிப்பது என்றால் கேட்கும் சக்தியை அல்ல. காதுக்குள்ளே, கேட்கிற பாகத்தை ஒட்டியே, நம்மை நிமிர்ந்து நிற்க வைக்கிற பாகம் ஒன்று இருக்கிறது. மூன்று வளையக் குழாய்கள், உள்ளே கொஞ்சம் திரவம், அவ்வளவுதான். தலை அசைந்தால் திரவம் அசையும், மூளைக்குச் செய்தி போகும். ஊசி அந்தப் பாகத்தைத்தான் அடக்கும். ஆனால் மருந்துக்கு எல்லை தெரியாது. சில பேருக்குக் கேட்பதும் சேர்ந்து போய்விடும்.

எதற்காக அடக்க வேண்டும் என்று புரிய நிதானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று நிதானி ஒட்டாத காது குறைவு. பஸ் டிரைவர், கட்டிட வேலைக்காரர், வயதானவர் என்று எல்லார் காதுக்குப் பின்னாலும் ஒரு ரூபாய்க் காசு அளவில் அது இருக்கிறது. லேசான மின்சாரத்தால் சமநிலை நரம்போடு பேசும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நம் காதைவிட வேகமாகவும் துல்லியமாகவும் மூளைக்குச் சொல்லும். அது வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மேலேயிருந்து விழுந்து சாகிறவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்ததும், முப்பது மீட்டருக்கு மேல் வேலை செய்பவர்கள் கட்டாயம் ஒட்ட வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நல்ல சட்டம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் பெயர் தாணுலிங்கம். வயது ஐம்பத்து மூன்று. காது, சமநிலைப் பரிசோதகர். டாக்டர் இல்லை. டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிறவன். பத்து வருஷமாக டெஸ்டைக்கூட நான் எடுப்பதில்லை. நிதானியைக் கருவியில் வைத்தால் அதுவே ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடும்.

ஏழாம் தேதி திங்கட்கிழமை, ஊசிக்கு முந்தின கடைசிப் பரிசோதனைக்காக செலஸ்டினா வந்தாள். கடலோர முட்டத்துக்காரி, முப்பத்து நாலு வயது, நல்ல உயரம். கடலுக்குள் இருபது கிலோமீட்டர் தள்ளி மிதக்கிற காற்றாலைக் கோபுரங்களில் வேலை. நூறு மீட்டர் உயரத்தில் ஏறி நின்று போல்ட் முறுக்குகிறவள், என் அறைக்குள் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நிதானியைக் கழற்றிக் கருவியில் வைத்தேன். அதைக் கழற்றியதும் அவள் இன்னும் மோசமாகத் தள்ளாடி, நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். முப்பது வினாடியில் ரிப்போர்ட் வந்தது. இரண்டு உள்காதும் சேதம், நிதானிக்குத் தவறான செய்தி கொடுக்கின்றன, அடக்குவது நல்லது. இதே வாசகத்தோடு இதே கோபுரங்களிலிருந்து வந்த பதினோராவது ஆள் இவள்.

பேனாவை எடுத்தேன்.

"என்ன போட்டிருக்கு சாரே?"

"முன்ன சொன்னதுதாம்மா. காது சேதம்."

"மெசின் சொல்லுகது கெடக்கட்டும். நீங்க என்ன சொல்லுதிய?"

"நான் என்னத்த தனியா சொல்ல?"

"பின்ன நீங்க எதுக்கு இங்க இருக்கிய? கையெழுத்துப் போடவா? அதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்லா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் நிறுத்தவில்லை. "கிறிஸ்துதாஸ் அண்ணனுக்கும் நீங்கதான கையெழுத்துப் போட்டிய? தை மாசம் ஊசி போட்டாச்சு. இப்ப ஒரு காது கேக்காது. சார்ஜ் தீந்து காதுக்குப் பின்னால உள்ள அந்தக் காசு ஆஃப் ஆச்சுன்னா, நனைஞ்ச துணி மாதிரி அப்படியே விழுதாரு. ஆன்ல இருந்தாலும் வீட்டுல கெறக்கம் நிக்கல. ஊசி வேண்டாம்னா என் ஏறுற கார்டை ரத்து பண்ணுவாங்களாம். எங்க வீட்டுல ஏறுறது நான் ஒருத்திதான். ஒங்களுக்குத் தெரிஞ்ச எதையாவது செஞ்சு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கிறிஸ்துதாஸின் ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருந்தது உண்மைதான். அந்தப் பதினோரு பேரில் இதுவரை ஊசி போட்ட மூன்று பேருடையதிலும் இருந்தது.

பேனாவை மூடினேன். நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டேன். நிதானியை மாட்டாமலே அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"என் மூக்கையே பாரு. நான் ஒன் தலையைச் சட்டுனு திருப்புவேன். கண்ணை எடுக்கக் கூடாது."

"மூக்கையா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரிய மூக்குதான், தப்பாது."

வலது பக்கம் வெடுக்கென்று திருப்பினேன். பிறகு இடது பக்கம். படிக்கிற காலத்தில் கற்றுக்கொண்ட பரிசோதனை இது. உள்காது செத்திருந்தால் தலையோடு சேர்ந்து கண்ணும் வழுக்கிப் போகும், பிறகு தாவித் திரும்பும். பத்து வருஷமாக நான் இதைச் செய்யவில்லை. யாருமே செய்யவில்லை.

அவள் கண்கள் என் மூக்கில் ஆணி அடித்த மாதிரி நின்றன. பன்னிரண்டு தடவை திருப்பினேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

"என்ன சாரே, முகமெல்லாம் வேர்க்குது?"

"ஒனக்குக் காது நல்லா இருக்கும்மா."

"உள்ளதா? பின்ன ஏன் சுத்துது?"

"அதான் தெரியல. எப்பெல்லாம் சுத்துது? பைய யோசிச்சுச் சொல்லு."

"கரையில சார். படகு விட்டு இறங்குனா தரை பைய ஆடும், தொட்டில் மாதிரி. வீட்டுல, சர்ச்சுல, பஸ் ஸ்டாண்டுல எல்லாம். மேல கோபுரத்துல ஏறிட்டா ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி நிப்பேன்."

"கடல்ல போயிட்டு வந்தா அப்படித் தோணும்னு சொல்லுவாங்களே."

"யாருட்ட சொல்லுதிய? எங்க அப்பா நாப்பது வருசம் தொழிலுக்குப் போனாரு. நானே எட்டு வயசுல கட்டுமரத்துல ஏறுனவ. அப்பெல்லாம் ஆடாத தரை இப்ப ஏழு மாசமா ஏன் ஆடணும்?"

காது நல்ல காது. அவள் சொல்கிற ஆட்டமும் பொய்யில்லை. மிச்சம் இருப்பது அந்தக் காசு ஒன்றுதான். ஆனால் அதே காசு கோபுரத்தின் மேல் ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியென்றால் கோபுரத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். எனக்கோ இரண்டாவது மாடி பால்கனியில் எட்டிப் பார்க்கவே பயம்.

ஒன்பதாம் தேதி காலையில் பார்வையாளர் அனுமதி வாங்கிக்கொண்டு அவளோடு படகில் போனேன். எனக்கும் ஒரு நிதானி ஒட்டினார்கள். துறையிலேயே, கான்கிரீட் தரையில் நிற்க வைத்து, பூஜ்யப் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பத்து வினாடி ஆடாமல் நிற்க வேண்டும். 'இதுதான் அசையாத நிலை' என்று நிதானி அப்போது கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிற அசைவை எல்லாம் அந்த நிலையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும்.

கோபுரத்துக்குள் லிஃப்ட் உண்டு. நூறு மீட்டர் போய் உச்சி மேடையில் கதவு திறந்தது. வெளியே காலை வைத்தேன். கடல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. நான் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காலையில் தின்ற புட்டு வெளியே வந்தது.

"ஐயோ சாரே! என்ன ஆச்சு?"

"ஆடுதேம்மா! இவ்வளவு ஆடுதே!"

"எது ஆடுது?"

"இந்தக் கோபுரம்!"

செலஸ்டினா சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த இரண்டு முட்டத்துப் பையன்களையும் பார்த்தாள். மூவரும் எனக்காக வருத்தப்பட்டார்கள்.

"ஆட்டமே இல்லையே சார். இன்னைக்குக் கடல் தூங்குதுல்லா."

பையிலிருந்து பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மேடையில் படுக்க வைத்தேன். உள்ளே தண்ணீர் மெதுவாக ஒரு முனைக்கு ஓடியது. அஞ்சாறு வினாடி கழித்து மறு முனைக்கு. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது ஆட்டமா?" என்றாள் அவள். "இது எங்களுக்கு ஒரு ஆட்டமாட்டே தோணாதே சாரே. வள்ளத்துல இதவிட நூறு மடங்கு கெடக்கும்."

பிறகு, வேலை தொடங்குமுன் தினமும் செய்கிறதை அவள் செய்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். நெற்றியில் சிலுவை போட்டாள். வலது கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் நிதானியின் பொத்தானை அமுக்கி, கண்ணை மூடிப் பத்து எண்ணினாள். இரண்டு பையன்களும் அதையே செய்தார்கள்.

"என்னம்மா செய்த?"

"பூஜ்யம் போட்டேன். ஏழு மாசம் முன்ன வந்த புது ரூலுதான? வேலை செய்யுற இடத்துல, ஆட்டம் இல்லாத நேரமாப் பாத்துப் போடணும்னு எழுதியிருக்கு. படகு குலுங்கும், அங்க போட முடியாது. துறையில ஒரே தள்ளுமுள்ளு. இங்க வந்தாத்தான் அசையாம நிக்க எடம்."

கம்பியைப் பிடித்தபடியே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடல் தெரியாத மலைக்காரனோ மதுரைக்காரனோ அந்த மேடையில் நின்று பொத்தானை அமுக்க மாட்டான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். இது ஆடுகிற இடம் என்று அவன் உடம்பே சொல்லிவிடும். கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஆட்டம் ஆட்டமாகத் தெரியாது. கோபுரத்தின் ஊசலை எல்லாம் 'இதுதான் அசையாத நிலை' என்று தினமும் நிதானிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதுவும் நம்பி, மேலே இருக்கும்போது ஊசலைக் கழித்துவிட்டது. கரையில் கழிக்க ஊசல் இல்லை. கழித்தே பழகிய இயந்திரம் நிற்கிற தரையை ஆட்டிவிட்டது.

"இங்க கெறக்கம் வராதவங்க யாராவது உண்டா?"

"மூணு பேரு உண்டு சார். கடல் தெரியாத தோவாளைப் பக்கத்துப் பிள்ளைய. மேல வந்தா ஒங்கள மாதிரிதான் வாந்தி எடுக்கும். அதுக பயத்துல பூஜ்யத்தைத் துறையிலேயே போட்டுட்டு வரும். நாங்க கேலி பண்ணுவோம்."

நான் விளக்கிச் சொன்னேன். அவள் மேடையில் உட்கார்ந்து, நிதானியைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப கிறிஸ்துதாஸ் அண்ணன் காது?"

"நல்ல காதாத்தான் இருந்திருக்கும்."

"சவத்த" என்றாள். அது என்னையா காசையா என்று நான் கேட்கவில்லை.

கீழே வந்ததும், துறையில் பூஜ்யம் போட்டால் தீர்ந்தது, திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இது இல்லாம என்னால நிக்க முடியுமா சாரே? அதச் சொல்லுங்க. நான் முன்ன நின்னவதான?"

முடியும் என்றேன். காது பேசிக்கொண்டுதான் இருக்கிறது. நிதானி ஒட்டிய நாலு வருஷமாக மூளை காசு சொல்வதை மட்டும் கேட்டுப் பழகிவிட்டது, அவ்வளவுதான். கட்டை விரலை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு தலையை இடம் வலம் ஆட்ட வேண்டும். மெத்தை மேல் நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கண்ணை மூடி நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை. முதல் நாள் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் அலமாரியில் முட்டி நெற்றி வீங்கியது. மூன்றாம் நாள் போனில் என்னைத் திட்டினாள். ஐந்தாம் நாள் கூப்பிட்டபோது பின்னால் கடல் சத்தம் கேட்டது. "மணல்ல நடக்கேன் சாரே. கண்ணை மூடிட்டு" என்றாள்.

பதினாறாம் தேதி மருத்துவக் குழு கூடியது; செலஸ்டினாவும் வந்திருந்தாள். தலைவர் டாக்டர் பத்மலோசனி. ஐம்பத்தெட்டு வயது, கெட்டிக்காரர், ஒரு சொல்லை வீணாக்க மாட்டார். பதினோரு பேருக்கும் ஊசி எழுதியது அவர்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"தாணு, டெஸ்ட் எடுக்கறது உங்க வேலை. நோய் என்னன்னு சொல்றது எங்க வேலை."

"சரிதான் டாக்டர்."

"பதினோரு ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது. ஒரு தண்ணி பாட்டில் வேற சொல்லுது. நான் எதை நம்பறது?"

அவர் காதுக்குப் பின்னால் இருந்த நிதானியைக் காட்டினேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரும் ஒட்டியிருந்தார். "ரெண்டையும் நம்ப வேண்டாம் டாக்டர். செலஸ்டினாவோட பூஜ்யத்தை உங்க நிதானியில ஒரு நிமிஷம் ஏத்துதேன். நிப்பாட்டுன்னு சொன்ன உடனே பழையபடி ஆக்கிருதேன். உங்களுக்குச் சம்மதம்னா."

மற்ற இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்மலோசனி எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"உக்காந்துக்கோங்க டாக்டர்."

"நிக்கறேன். ஏத்துங்க."

ஏற்றினேன். நாலு வினாடி ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். பார்வை சுவரில் எதையோ தேடியது. கை பின்னால் போய் மேஜையைத் தேடி, கிடைக்காமல், காற்றில் நின்றது. செலஸ்டினா ஒரே எட்டில் போய் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"நிப்பாட்டவா டாக்டர்?"

"இருங்க." பல்லைக் கடித்துக்கொண்டு முழு நிமிஷமும் நின்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பழைய பூஜ்யத்தை ஏற்றியதும்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் செலஸ்டினாவின் கையை விடவில்லை.

"இப்படித்தான் இருந்துதா உனக்கு?"

"ஆமா டாக்டரம்மா."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம். என் மகளுக்குச் சோறு பரிமாறச்சிலயும் இப்படித்தான்."

பத்மலோசனி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊசி ரத்து. மிச்ச எட்டு பேருக்கும் ரத்து. பூஜ்யத்தைக் கரையில போட்டுட்டு நாளைக்கே வேலைக்குப் போகலாம்."

"எனக்கு அந்தக் காசே வேண்டாம் டாக்டரம்மா."

"முப்பது மீட்டருக்கு மேல சட்டம்மா அது."

"சட்டத்துல விலக்கு உண்டு டாக்டர்" என்றேன். "மருத்துவக் குழு நேர்ல பாத்து, சொந்தச் சமநிலை போதும்னு எழுதிக் கொடுத்தா போதும். பன்னெண்டு வருஷத்துல யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

தரையில் ஆறு மீட்டர் மஞ்சள் கோடு இருந்தது. செலஸ்டினா நிதானியைக் கழற்றி மேஜை மேல் டாக்டரின் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடந்து போனாள், திரும்பி வந்தாள். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு. நாலாவது எட்டில் உடம்பு லேசாக இடது பக்கம் போனது. அவள் நின்றாள், தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டாள், நடந்தாள். பிறகு யாரும் கேட்காமலே ஸ்பாஞ்ச் மெத்தை மேல் ஏறி, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நின்றாள்.

"போதுமா, இன்னும் நிக்கவா?"

"போதும்மா, இறங்கு" என்றார் குழுவில் ஒருவர்.

"இருக்கட்டும் சார். நல்லாத்தான் இருக்கு." இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பத்மலோசனியின் முன்னால் இருந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. ஊசி போடலாம், அல்லது கார்டை ரத்து செய்யலாம். அவர் இரண்டையும் குறுக்கே அடித்தார். கீழே கையால் எழுதினார்: 'இரண்டு காதும் நல்ல காது. எந்த உயரத்திலும் வேலை செய்யலாம். சோதித்தது தாணுலிங்கம், நேரில் பார்த்தது நான்.' கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷ வேலையில் என் பெயரை டாக்டர் ஒருவர் கையால் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானமே அவர் எங்களோடு முட்டத்துக்கு வந்து, ஊசி போட்ட மூன்று பேர் வீட்டுக்கும் போனார். கிறிஸ்துதாஸிடம், "தப்பு என்னோடது" என்று மழுப்பாமல் சொன்னார். செத்த காது திரும்பி வராது. ஆனால் அவரை வீட்டு முற்றத்தில், உறுதியான தரையில் நிற்க வைத்துப் பூஜ்யம் போட்டோம். கிறிஸ்துதாஸ் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"நின்னுட்டு" என்றார். உள்ளே பார்த்துக் கத்தினார். "எடீ, நின்னுட்டு! தரை நின்னுட்டுடீ!"

மறுநாள் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. பத்து மணிக்கு ஊசி இல்லை. நான் வழக்கம்போல எட்டு மணிக்குக் கதவைத் திறந்து முதல் டோக்கனைக் கூப்பிட்டேன்.

உள்ளே வந்தது டாக்டர் பத்மலோசனி. வெள்ளைக் கோட்டு இல்லை. காதுக்குப் பின்னால், நிதானி இருந்த இடத்தில், வட்டமாக ஒரு வெளுத்த தடம் மட்டும் இருந்தது. ஒரு கை சுவரை விடாமல் பிடித்திருந்தது.

"டாக்டர்! நீங்க டோக்கன் எடுத்தா வரணும்?"

"நோயாளி டோக்கன் எடுக்கணும்ல? செலஸ்டினாவுக்கு எத்தனை நாள் ஆச்சு தாணு?"

"ஆறு நாள்."

"எனக்கு ஐம்பத்தெட்டு வயசு."

"அப்ப பதினஞ்சு நாள்னு வச்சுக்கோங்க. திட்டுவீங்க, பரவாயில்ல."

அவர் சிரித்தார். சுவரிலிருந்து கையை எடுத்தார்.